எதுக்கும் இருக்கட்டும்

பிரிட்டோ அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு உப்புக் குறைந்தால் சமையல்காரரைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் அடுத்த கவளத்தை எடுப்பான். பிரசங்கம் நீண்டுபோனால் பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே சாமியாரை மறித்துக் கேட்பான். அதனால் அவனுக்கு நண்பர்கள் கொஞ்சம், மரியாதை அதிகம்.

அப்படிப்பட்டவன் முத்துராக்குவுக்குச் சொன்ன பதில் அவன் மனைவி ஜெசிந்தாவைத் தூக்கிவாரிப் போட்டது. முத்துராக்குவின் கணவன் ஒச்சப்பன், ஆலையில் சால்வென்ட் என்கிற கரைப்பான் இருந்த தொட்டியைக் கழுவ உள்ளே இறங்கி, அது வெடித்துச் செத்தவன். அவனோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். தொட்டிக்கு வெளியே நின்ற எலக்ட்ரீசியன் பிரிட்டோ மட்டும் பிழைத்தான். விசாரணை ஆணையம் அவனைக் கூப்பிட்டிருந்தது. அதற்கு முன்பு ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் முத்துராக்கு உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி மதுரைக்கு வந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு எப்படிச் செத்தாரு, யாரால செத்தாரு, அத மட்டும் சொல்லு தம்பி. வேற ஒண்ணும் வேணாம்."

பேச்சுப் போன பிரிட்டோவின் கழுத்துப் பட்டையிலிருந்து அவனுடைய சொந்தக் குரலே வந்தது. "யாரையும் குறை சொல்ல முடியாதுக்கா. நடக்கணும்னு இருந்துச்சு, நடந்துபோச்சு. நீங்க மனசத் தேத்திக்கங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவனுடைய இடது கை முஷ்டியாக மடங்கி நெஞ்சில் அடித்தது. மறுபடியும் அடித்தது. கண்கள் முத்துராக்குவை விட்டு நகரவில்லை.

முத்துராக்கு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். "ஒன்னையும் வாங்கிப்புட்டானுகளாப்பா," என்று தணிந்த குரலில் கேட்டாள். காபிகூடக் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஜெசிந்தாவுக்குச் சந்தேகம் முளைத்தது அன்றைக்குத்தான். முளைத்த பிறகு பார்த்தால் பழையதெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. மகள் ரென்சி கணக்கில் கோட்டைவிட்டு வந்தபோது, 'பரவால்ல கண்ணு, அடுத்த தடவ பாத்துக்கலாம்' என்றவன் இந்தப் பிரிட்டோதானா? அவனுடைய தம்பி இவன் வண்டியை வாங்கிப்போய் நசுக்கிக் கொண்டுவந்தபோது, 'வண்டிதானே' என்றானே? ஜெசிந்தாவின் அம்மாவுக்கு அதில் ஏக சந்தோஷம். விபத்துக்கு அப்புறம்தான் மருமகன் மனுசனாக இருக்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சாமியார் வீட்டுக்கு வந்து, தனியே இருந்து, அவனுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவர், எவ்வளவு அமைதியான ஆன்மா என்று கண்கலங்கினார். நெஞ்சில் அடித்துக்கொண்டதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலோ அதற்கு வேறு விளக்கம். வலது பக்கக் கைகால் வராததால் இடது கை தானாக வேலை செய்கிறது, கண்டுகொள்ள வேண்டாம் என்று அறிக்கையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ஜெசிந்தா அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள். வாயில் வருவது வேறு, கையில் வருவது வேறு. நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

யார் என்று யோசிக்க அவளுக்கு வெகுநேரம் தேவைப்படவில்லை. பட்டையை வாங்கிக் கொடுத்ததே ஆலைதான்.

வெடிப்பில் மண்டையில் பட்ட அடி பிரிட்டோவின் பேச்சை மட்டும் கொண்டுபோகவில்லை, எழுத்தையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. பேனாவைக் கொடுத்தால் கோடு கோடாகக் கிறுக்குவான். ஆமாம், இல்லை என்று தலையாட்டச் சொன்னால் இரண்டும் மாறி மாறி வரும். செம்பைக் காட்டித் தண்ணீர் கேட்கத் தெரியும், அவ்வளவுதான். அதனால் மண்டைக்குள் சல்லடை மாதிரி ஒரு வலையை வைத்து, கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். அவன் சொல்ல நினைப்பதை வலை பிடிக்கும், பட்டை பேசும். ஊரில் அதற்குக் குரல்பட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆரம்பத்தில் தண்ணீர், வலி, போதும் என்கிற அளவுக்குத்தான் பேச்சு இருந்தது. அதுவும் செய்தி வாசிப்பவர் குரலில், 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று வரும். ஜெசிந்தாவுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வீட்டில் வேற்று ஆள் ஒருவன் படுத்திருப்பது போல இருந்தது.

அவள் வேலையே மென்பொருளைப் பொதியாக, அதாவது பேக்கேஜாக, கட்டுவது. லீவு போட்டு உட்கார்ந்தாள். பழைய வாய்ஸ் மெசேஜ், கல்யாண வீடியோ, ரென்சியின் பிறந்தநாளில் அவன் பாடிய கர்ணகடூரமான பாட்டு, எல்லாவற்றையும் சேர்த்து அவன் குரலையும் அவன் மதுரைப் பேச்சையும் ஒரு பொதியாகக் கட்டினாள். குடும்பத்தார் தரும் குரல்பொதியை ஏற்றிக்கொள்ளப் பட்டையில் அனுமதி உண்டு. முழுப் பேச்சு திறந்துவிடப்பட்ட அன்றைக்கே அதையும் ஏற்றினார்கள். பட்டையிலிருந்து 'ஜெசி' என்று அவன் குரல் வந்தபோது அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்தப் பொதி அவளுக்குப் பெருமை.

முத்துராக்கு வந்துபோன மறுநாள் அவள் டாக்டர் ஹுமாயூனைப் பார்க்கப் போனாள். பட்டைப் பிரிவு அவர் பொறுப்பில்தான் இருந்தது. அந்தக் கட்டடத்தின் வாசல் கல்வெட்டில் நன்கொடையாளர் வரிசையில் ஆலையின் பெயரும் இருப்பதை அவள் அன்றைக்குத்தான் நின்று படித்தாள். படித்துவிட்டு உள்ளே போனதால், டாக்டர் உட்காரச் சொன்ன விதமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்டாள். பிரிட்டோ நினைப்பதை மாற்றிப் பேசுகிற ஏதாவது இந்தப் பட்டையில் உண்டா?

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உண்டு. 'நயம்'னு பேரு. மனசுல வர்றதுக்கும் வாயில வர்றதுக்கும் நடுவுல நமக்கெல்லாம் ஒரு கதவு இருக்கும்மா. இவங்களுக்கு அது கிடையாது. மொத மொத பட்டை வந்தப்ப ஒருத்தர் மகளோட நிச்சயதார்த்தத்துல சம்பந்தியப் பார்த்து என்ன நெனச்சாரோ, அதைப் பட்டை அப்படியே சொல்லிடுச்சு. கல்யாணம் நின்னுபோச்சு. இப்படி நெறய. வீட்டுக்காரங்கல்லாம் கேட்டதாலதான் இதை எழுதுனாங்க. குறை சொல்ற பேச்சு வந்தா மழுப்பிடும்."

"எந்தக் குறையா இருந்தாலுமா?"

"அதுல ரெண்டு பிரிவு. அடுத்தவங்களக் குறை சொன்னா மழுப்பறது ஒண்ணு. தன்னையே குறை சொல்லிக்கிட்டா மழுப்பறது இன்னொண்ணு. ரெண்டாவது, மனசு உடைஞ்சு கெடக்கறவங்களுக்காக. தனித்தனியாவும் கேக்கலாம், சேர்த்தும் கேக்கலாம். ஆனா யாருக்கும் தானா வைக்கக் கூடாது. சட்டம் அப்படி. பேர் சொல்லிக் கேட்டாத்தான் வரும்."

இரண்டாவது பிரிவைப் பற்றி அவர் சொன்னது ஜெசிந்தாவின் காதில் விழுந்ததோடு சரி. பேர் சொல்லிக் கேட்டால்தான் வரும் என்பதில் அவள் மனம் நின்றுவிட்டது. அது அவளுடைய தொழில்.

எந்தப் பொதியோடும் ஒரு விவரக் கோப்பு இருக்கும். எனக்கு இன்னின்ன பொதிகள் கட்டாயம் வேண்டும், இன்னின்னவை விருப்பப்பட்டால் போதும் என்று அதில் அறிவித்திருக்கும். விருப்பமானதற்கு ஒரு பெயர் சூட்டியிருப்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்காதவரை அது வராது. பந்தியில் சோறும் குழம்பும் தானாக விழும், அப்பளம் இன்னொன்று வேண்டுமானால் கேட்கவேண்டும், அந்த மாதிரி. ஒரே ஒரு வித்தியாசம். இந்தப் பந்தியில் யாராவது ஒருவர் கேட்டால் போதும், எல்லா இலையிலும் விழுந்துவிடும். ஒரு பட்டைக்குள் இருக்கும் பொதிகளில் ஏதோ ஒன்று 'நயம்' என்று கேட்டிருந்தால், பட்டை முழுவதும் நயமாகத்தான் பேசும். மற்றவை வேண்டாம் என்று சொல்ல வழியே கிடையாது.

"இவருக்கு அது இருக்கா டாக்டர்?"

அவர் திரையில் தேடினார். அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். நடிப்பாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

"இருக்கு," என்றார். "ரெண்டு பிரிவும் இருக்கு. நாங்க கேக்கலம்மா."

யார் கேட்டது என்று பார்க்கவேண்டுமே என்றாள். பட்டை சீல் வைத்த கருவி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்றுதான் தன்னால் காட்டமுடியும், எது எதைக் கேட்டது என்று பார்க்கத் தயாரிப்பாளரின் அனுமதி வேண்டும், எழுதிப் போடுகிறேன், சில நாளாகும் என்றார். சில நாளில் விசாரணையே வந்துவிடும் என்று அவள் குரலை உயர்த்தினாள். வாசல் கல்வெட்டையும் இழுத்தாள். ஹுமாயூன் கோபப்படவில்லை. "சந்தேகப்படுங்க. உங்க எடத்துல இருந்தா நானும் படுவேன்," என்று மட்டும் சொல்லி, உள்ளே இருக்கும் பொதிகளின் பெயர்களைக் காட்டினார்.

ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பொதி ஒன்று. ஆலை கொடுத்த, வேலைக்குத் திரும்புவதற்கான பயிற்சிப் பொதி ஒன்று. இன்சூரன்ஸ்காரர்களின் கண்காணிப்புப் பொதி ஒன்று. பிறகு அவளுடையது.

அடுத்த நாட்களில் ஜெசிந்தா ஆபீஸ் வேலையைத் தொடவில்லை. முதல் மூன்று பொதிகளின் விவரக் கோப்புகளும் பொதுக் களஞ்சியத்தில் கிடந்தன, யாரும் திறந்து பார்க்கலாம். முதலில் ஆலையின் பொதியைத்தான் திறந்தாள். திருடனைப் பிடித்துவிட்ட ஆவேசத்தோடு வரி வரியாகப் படித்தாள். ஒன்றுமில்லை. பட்டை பேசுவதற்கான அடிப்படைப் பேச்சுப் பொதியை வெறுமனே கேட்டிருந்தார்கள், நயம் உட்பட அதன் விருப்பங்கள் எதையும் கேட்கவில்லை. இவ்வளவு சுத்தமாக இருப்பதே சந்தேகமாக இருக்கிறது என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியின் பொதியைத் திறந்தாள். அதுவும் சுத்தம்.

இன்சூரன்ஸ் பொதியில் 'எல்லாம்' என்ற சொல்லைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். இருக்கிற விருப்பங்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் வாரிக்கொள்ள அப்படி ஒரு பெயர் வைப்பது வழக்கம். அவள் ஆபீசிலும் உண்டு. இது வேண்டுமா, அது வேண்டுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? பிறகு வாடிக்கையாளர் போன் போட்டு அது இல்லை, இது இல்லை என்று கத்துவதற்குப் பதில், 'எல்லாம்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் முடிந்தது. ஏன் போட்டாய் என்று கேட்டால் எதுக்கும் இருக்கட்டும் என்பார்கள். தன் ஆபீசின் கொள்கை விளக்கமே அதுதான் என்று அவளும் கேலி பேசியிருக்கிறாள். ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் அதைப் போட்டிருந்தது வரைபடம் போடுகிற ஒரு பொதிக்கு. பேச்சுக்கு அல்ல. சோம்பேறிப் பயல்கள் என்று திட்டிவிட்டு மூடினாள்.

மூன்றும் சுத்தமென்றால் களஞ்சியத்தில் காட்டுவது ஒன்று, பட்டைக்குள் வைத்தது வேறொன்று. அப்படித்தான் இருக்கவேண்டும். பழங்கூடையோடு நலம் விசாரிக்க வந்த ஆலை அதிகாரியின் மேல் சந்தேகம் போயிற்று. பட்டையைத் துடைத்துவிடும் நர்ஸ் மேல் போயிற்று. விசாரணைக்குப் போனா பெரிய எடத்துப் பொல்லாப்பு வரும் என்று பயந்த பிரிட்டோவின் தம்பி மேலும் போயிற்று. வீட்டுக்குள் வருகிற யாரும் பிரிட்டோவின் கழுத்துப் பக்கம் போகாதபடி பார்த்துக்கொண்டாள். அவனிடம் குனிந்து, "ஆலைக்காரங்க உங்க வாயை அடைச்சிருக்காங்க. நான் விடமாட்டேன்," என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு ஜெசி," என்றது அவன் குரல். முஷ்டி நெஞ்சில் விழுந்தது.

விசாரணைக்கு முதல்நாள் காலையில் ஹுமாயூன் கூப்பிட்டார், அனுமதி வந்துவிட்டது. அவள் பிரிட்டோவையும் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். கையோடு லேப்டாப்பையும் எடுத்துப் போனாள். ஆலையின் பெயர் திரையில் வந்ததும் படம் பிடித்து ஆணையத்துக்கு அனுப்பிவிடவேண்டும் என்று போனைத் தயாராகப் பிடித்திருந்தாள்.

டாக்டர் ஒரு கட்டளை போட்டார். ஒரு வரி வந்தது. அவர் அதைப் படித்துவிட்டுத் திரையை மெதுவாக அவள் பக்கம் திருப்பினார்.

நயம். கேட்டது: பிரிட்டோ-குரல்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அந்தப் பெயரை யார் வைத்தது என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு அது தன் பொதிக்குத் தானே வைத்த பெயர் என்று உறைக்க, லேப்டாப்பைத் திறந்து அதன் விவரக் கோப்பை எடுத்தாள். அதை மட்டும்தான் அவள் இத்தனை நாளில் திறக்கவில்லை. தான் கட்டியதில் பார்க்க என்ன இருக்கிறது? அடிப்படைப் பேச்சுப் பொதியின் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், அவள் விரல்கள் பழக்கதோஷத்தில் அடித்த சொல் இருந்தது. எல்லாம். பாட்டு, இருமல், சிரிப்பு, வட்டாரப் பேச்சு, எது அவனுக்கு வேண்டியிருக்குமோ தெரியாது, எதுக்கும் இருக்கட்டும் என்று.

அவமானத்தில் டாக்டரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிரிட்டோவின் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது. டாக்டர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். "யாருக்கும் நடக்கறதுதாம்மா," என்றார்.

அந்தச் சொல்லை அழித்துப் பொதியை மறுபடி ஏற்றினாள். டாக்டர் 'நயம்' போய்விட்டதா என்று இரண்டு முறை பார்த்தார். சாட்சியின் குரலை மாற்றும் எதுவும் பட்டையில் இல்லை என்று ஆணையத்துக்குச் சான்றிதழும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரிட்டோ 'வீட்டுக்குப் போவோம்' என்றான். அவ்வளவுதான்.

வீட்டில் ரென்சி பள்ளியிலிருந்து வந்திருக்கவில்லை. ஜெசிந்தா அவனைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் பேசினான்.

"அந்த வயரப் போட்டது நான்தான்."

எந்த வயர் என்றாள்.

"தொட்டிக்குள்ள வாயு இருந்தா சென்சார் அலறும். கழுவுற மோட்டார நிப்பாட்டிரும். அன்னைக்கு அலறிக்கிட்டே இருந்துச்சு. வேல ஓடலைன்னு மேனேஜர் வரதராஜன் வந்து பைபாஸ் பண்ணுன்னாரு. மாட்டேன்னு சொல்லியிருக்கணும். குறுக்க ஒரு வயரப் போட்டு நான்தான் அதோட வாய அடச்சேன். ஒச்சண்ணன் ஏணியில கால வச்சுக்கிட்டு, போலாமா பிரிட்டோன்னு கேட்டாரு. ஒண்ணும் ஆகாதுண்ணே, எறங்குங்கன்னேன்."

ஜெசிந்தா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லார்கிட்டயும் சொன்னேன் ஜெசி. முத்துராக்கு அக்காகிட்ட இதத்தான் சொன்னேன். சாமிகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன், அவரு என்னைப் புண்ணியவான்னுட்டுப் போனாரு. ஒன்கிட்ட எத்தன தடவ சொன்னேன். நான் ஒண்ணு சொல்றேன், என் குரல்லயே வேற ஒருத்தன் பதில் சொல்றான். நான் செத்துட்டேன்னே நெனச்சேன்."

நெஞ்சில் அடித்துக்கொண்டது கோபம் அல்ல. ஞாயிறு தோறும் பூசையில், பாவத்தை ஒப்புக்கொள்ளும் இடத்தில், அவள் பக்கத்தில் நின்று அவன் அடித்துக்கொள்வதும் அப்படித்தானே? எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறாள். அவளுக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்.

நாளைக்கு ஆணையத்தில் இரண்டையும் சொல்லப்போவதாகச் சொன்னான். மேனேஜர் சொன்னதையும், தான் செய்ததையும். ஜெயிலுக்குப் போவீர்கள் என்றாள் அவள். ஆமாம் என்றான். ரென்சி என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். சொல்லிவிட்ட களைப்பில் அப்படியே தூங்கியும் போனான். விபத்துக்குப் பிறகு அவன் குறட்டை விட்டுத் தூங்கி அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் ரென்சி சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். மூன்று பேர் செத்தது பெரிய அநியாயம். அதைச் செய்யச் சொன்னவன் உள்ளே போகவேண்டும், அதில் அவளுக்கு மாற்றுக் கருத்துக் கிடையாது. ஆனால் பிரிட்டோவுக்கு ஏற்கெனவே பாதி உடம்பு போய்விட்டது, அது போதாதா? மேனேஜர் செய்யச் சொன்னதை அவன் சொல்லட்டும். அவன் செய்ததை மட்டும் பட்டை மழுப்பட்டும். நயத்தில் இரண்டு பிரிவு உண்டு, தனித்தனியாகவும் கேட்கலாம் என்று டாக்டர் சொன்னது இப்போது தெளிவாக நினைவுக்கு வந்தது. சான்றிதழில் கையெழுத்து விழுந்தாயிற்று. அவள் பொதியை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? அவளே பார்க்கவில்லை.

எதுக்கும் இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விவரக் கோப்பில் இரண்டாவது பிரிவின் பெயரை மட்டும் எழுதிப் பொதியைப் பட்டையில் ஏற்றினாள். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துத்தான் அடித்தாள்.

காலையில் பட்டையைத் துடைத்து மாட்டிவிட்டு, எப்படி இருக்கு என்று கேட்டாள். பிரிட்டோ ஏதோ சொன்னான். "நடந்தத அங்க போய்ச் சொல்லிருவோம் ஜெசி," என்று வந்தது. அவன் சட்டென்று அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனுடைய சட்டைப் பொத்தானைப் போடுவதில் மும்முரமாக இருந்தாள்.

ஆணையம் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடந்துகொண்டிருந்தது. மேடையில் மாலை மாற்றுகிற இடத்தில் மேசை போட்டு ஓய்வுபெற்ற நீதிபதி ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் முத்துராக்கு. இரண்டு வரிசை தள்ளி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் மேனேஜர் வரதராஜன். நீதிபதி டாக்டரின் சான்றிதழை வாசித்துப் பதிவில் சேர்த்துக்கொண்டு, பிரிட்டோவிடம் சென்சாரை பைபாஸ் செய்யச் சொன்னது யார் என்று கேட்டார்.

"மேனேஜர் வரதராஜன்தாம்மா. நேர்ல வந்து சொன்னாரு."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. முத்துராக்கு வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெசிந்தாவுக்கு மூச்சு வந்தது. எல்லாம் நினைத்தபடியே நடக்கிறது.

"அவர் சொன்னபடி அந்த வயரைப் போட்டது யார்?"

"எப்படியோ போட்டிருக்காங்கம்மா. அந்த நேரத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க."

முஷ்டி நெஞ்சில் விழுந்தது. பிரிட்டோ பேச்சை நிறுத்தித் திரும்பி மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ஆலைக்காரர்களை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாளோ, அப்படிப் பார்த்தான். பிறகு இடது கையால் கழுத்துப் பட்டையின் கொக்கியைத் தேடினான். அது வலது பக்கம் இருந்தது, எப்போதும் அவள்தான் கழற்றிவிடுவாள். அவன் கழுத்தைத் திருப்பி, நகத்தால் நெம்பி, தோலைக் கீறிக்கொண்டு கழற்றினான். கழற்றிய பட்டையை அவள் மடியில் போட்டான்.

போட்டுவிட்டு நீதிபதியைப் பார்த்து நெஞ்சில் அடித்தான்.

மண்டைக்குள் இருந்த வலை அவன் நினைப்பதை இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அவள் மடியிலிருந்து பிரிட்டோவின் குரல் இதமாகப் பேசியது. "அது தற்செயல்தாம்மா. யாரும் வேணும்னு செய்யல."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் காகிதங்களைப் புரட்டினார். குழப்பம் அவர் முகத்திலேயே தெரிந்தது. "கை தன்னிச்சையா ஆடும், பொருட்படுத்த வேண்டாம்னு ஆஸ்பத்திரி அறிக்கை சொல்லுது. குரல் சுத்தமா இருக்குன்னு சான்றிதழ் சொல்லுது. அப்ப நான் குரலைத்தான் பதிவு பண்ணணும்." ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். "நீங்கதானே மனைவி? உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கா?"

இல்லை என்றால் போதும். மேனேஜர் மாட்டிக்கொண்டாயிற்று. பிரிட்டோ வீட்டுக்கு வருவான், ரென்சிக்கு அப்பா இருப்பார். எல்லாக் காகிதமும் அவள் பக்கம் இருந்தது. முத்துராக்கு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிட்டோவின் கை அடித்துக்கொண்டே இருந்தது. யாராவது வந்து நிறுத்தாவிட்டால் அது சாகும்வரை நிற்காது என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது.

அவள் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தக் கை தானா ஆடலம்மா. இந்தக் குரல்லதான் நான் நேத்து ஒண்ணைச் சேர்த்துட்டேன். டாக்டருக்குத் தெரியாது, இவருக்கும் தெரியாது. கையை எழுதிக்கங்க."

நீதிபதி அவளுடைய முழுப்பெயரைப் பதிவுக்காகக் கேட்டார். சொன்னாள். பிறகு பிரிட்டோவிடம், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, மறுபடியும் கேட்டார். "அந்த வயரைப் போட்டது யார்?"

பிரிட்டோ நெஞ்சில் கையை வைத்தான். அடிக்கவில்லை, வைத்தான். முத்துராக்கு எழுந்து நின்று அதைப் பார்த்தாள். நீதிபதி எழுதினார்.

ஜெசிந்தா பட்டையின் சுவிட்சை அணைத்தாள். பிரிட்டோவின் கை இறங்கி அவன் மடியில் சும்மா கிடந்தது.